இருநூற்று நாற்பத்தோராவது பெயர்

எனக்கு மதிப்பெண் போட வந்தவளுக்கு வயது முப்பத்துநாலு. பெயர் மெரிடித். டொலீடோ ஹெரன்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணியை வாங்கிய புதிய முதலாளி, வந்த முதல் மாதமே அவளைக் கொண்டுவந்து என் அறைக்கு எதிர் அறையில் உட்கார வைத்துவிட்டார். அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். கடந்த பத்து வருட டிராஃப்டில், அதாவது டீம்கள் முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் வருடாந்தரத் தேர்வில், கல்லூரிகளிலிருந்து எந்தெந்தப் பையனை எடுத்தோம், எடுத்தது சரியா தப்பா, யார் பேச்சைக் கேட்டு எடுத்தோம் என்று அலசிச் சொல்ல வேண்டும். அதை வைத்து எங்கள் ஏழு ஸ்கவுட்டுகளில் யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்வார்களாம்.

இருபத்தாறு வருடமாக ஊரான் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டே வயிறு வளர்த்தவன் நான். ஒஹாயோ, மிச்சிகன், இந்தியானா என்று ஒரு கல்லூரி மைதானம் விடாமல் சுற்றி, மழையிலும் பனியிலும் நின்று, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எத்தனையோ தாய்மார்கள் என் பெயரைச் சொல்லிச் சாபம் விட்டிருப்பார்கள். இப்போது எனக்கே ஒருத்தி மதிப்பெண் போடுகிறாள் என்றால் எரிச்சல் வருமா, வராதா? நன்றாகவே வந்தது. இரண்டு வாரம் அவளுக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எமரி, ஒரு நிமிஷம் வர்றீங்களா? உங்க ரிசல்ட் வந்துடுச்சு."

"பாஸா பெயிலான்னு அங்கேர்ந்தே சொல்லும்மா. எனக்கு முட்டி வலி."

"பாஸ்தான். வாங்க, காபி தரேன்."

போனேன். சும்மா சொல்லக் கூடாது, காபி நன்றாக இருந்தது. திரையில் ஏழு பெயர்கள். முதல் பெயர் எமரி டாகாச். நான்தான்.

"எடுங்கன்னு நீங்க சொன்னவங்கள்ல பாதிக்கு மேல நல்லா ஆடியிருக்காங்க. அதுகூடப் பெரிசில்ல. வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம். தொண்ணூத்திரெண்டு பேரை வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. அதுல எண்பத்தேழு பேர் வேற எந்த டீமுக்குப் போயும் உருப்படல. எப்படிங்க இது?"

"அஞ்சு எண்ணுவேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பையனின் ஓட்டத்தைப் பார்த்து மயங்கி, கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினேன். இவனை விட்டால் இன்னொருவன் கிடைக்கமாட்டான் என்று மேஜையைக் குத்தினேன். எடுத்தார்கள். ஒரே வருடத்தில் ஊத்திக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். யார் எந்தப் பையனைப் பற்றிக் கேட்டாலும் உடனே வாயைத் திறக்கமாட்டேன். கட்டை விரலில் ஆரம்பித்து ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்குவேன். ஆசை, கோபம், பாவம் பார்ப்பது எல்லாம் அந்த ஐந்து விரலுக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதைத்தான் சொல்வேன். போகப் போக எங்கள் அறையில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. "டேய், சும்மா இருங்கடா, எமரி மடக்கிக்கிட்டிருக்கான்," என்று காத்திருப்பார்கள்.

மெரிடித் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பத்து வருடத்துக்கு முன்னால் நடந்த டிராஃப்ட் வந்தது. ஏழாவது, கடைசிச் சுற்று. வரிசை எண் இருநூற்று நாற்பத்தொன்று. காலெப் ஸ்ட்ராண்ட். என் கண் அந்த வரியிலேயே நின்றது.

அந்த இடத்தில் என் மகனின் பெயர் இருந்திருக்க வேண்டியது. வேண்டாம் என்று சொன்னது நான். என் மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

பிரென்ட் எங்களுக்கு ஒரே பிள்ளை. சென்டர் ஆடுவான். குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவில் பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே எதிரில் மலை மாதிரி வருகிறவனை முட்டி நிறுத்த வேண்டும். யாரும் கைதட்டாத இடம் அது. எட்டு ஒன்பது வயதில் ஆட்டம் முடிந்து காரில் வரும்போது, "அப்பா, இன்னைக்கு நல்லா ஆடினேனா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கமாட்டான். ஸ்டியரிங் மேல் இருக்கும் என் விரல்களைத்தான் பார்ப்பான். நானும் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, "இடது பக்கம் கால் லேட்டாப் போகுதுடா," என்று சொல்வேன். பச்சைப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்துவிட்டேன்.

கல்லூரியில் நான்கு வருடம் ஆடினான். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். எங்கள் டீமில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரப் பையனைப் பற்றி ஸ்கவுட் ரிப்போர்ட் எழுதக் கூடாது. அவன் பெயர் வந்தால் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அதனால் பிரென்ட்டைப் பார்க்க வேறொருவன் போனான். "உழைப்பாளி, நல்ல பையன், இடது பக்கம் கால் தாமதம்," என்று எழுதினான். அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, கண் உள்ள ஆள்தான் என்று நினைத்தேன். என்னை எந்த ஜென்மத்தில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

டிராஃப்டின் மூன்றாம் நாள் சனிக்கிழமை. பகல் முழுக்க நடக்கும். வீட்டில் என் மனைவி லொரெய்ன் என் அண்ணன் தம்பி குடும்பங்கள், அவள் தங்கைகள், பிரென்ட்டின் கூட்டாளிகள் என்று இருபத்து மூன்று பேரைக் கூட்டி வைத்திருந்தாள். வாசலில் அடுப்பு மூட்டி ஹங்கேரியன் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பேக்கரியில் பெரிய கேக் சொல்லியிருந்தாள். எந்த டீம் எடுக்கும் என்று தெரியாததால் வெறுமனே "பிரென்ட்" என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தாள்.

நான் டீம் ஆபீசில் இருந்தேன். சுவர் முழுக்கப் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள். ஒரு பட்டைக்கு ஒரு பையன். எடுத்துவிட்ட பையனின் பட்டை கழன்றுபோகும், வேண்டாதவன் பட்டை மேஜைக்கு அடியில் இருக்கும் செருப்புப் பெட்டிக்குள் விழும். ஏழாவது சுற்றில் எங்களுக்குக் கடைசியாக ஒரு இடம் மிச்சம் இருந்தது. நாலு நிமிடத்துக்குள் பெயர் சொல்ல வேண்டும். அப்போதைய ஜெனரல் மேனேஜர் ஹோலிஸ் பென்னிமன் சுவரிலிருந்து ஒரு பட்டையை உருவினார். பிரென்ட் டாகாச். நான் விதிப்படி எழுந்தேன்.

"உக்காருய்யா," என்றார் பென்னிமன்.

"ஹோலிஸ், நான் வெளிய போகணும்."

"விதி போட்டதே நான்தான். உக்காரு. இந்தக் கடைசி இடத்தை உன் பையனுக்குக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை. பேர் எழுதற கார்டு இதோ என் கையில இருக்கு. ஆனா நீ சொல்லணும். அப்பனா சொல்லாத, ஸ்கவுட்டாச் சொல்லு. தேறுவானா?"

அறையில் பதினோரு பேர். எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். அந்தக் கிழவர் எனக்கு அன்று ஒரு வரம் கொடுத்தார். "தேறுவான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் குறுக்கே ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டில் டிவியில் அவன் பெயர் வந்திருக்கும். லொரெய்ன் அலறியிருப்பாள். ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்கும் முன்பே, அவனைத் திருப்பி அனுப்பியிருந்தாலும், சாகும்வரை அவன் ஹெரன்ஸ் அணி எடுத்த ஆள்தான்.

நான் விரலை மடக்கினேன்.

கட்டை விரல்: என் பிள்ளை. ஆள்காட்டி: அதனாலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நடுவிரல்: இடது பக்கம் கால். மோதிர விரல்: ஸ்ட்ராண்ட் என்கிற பையன் இன்னும் சுவரில் இருக்கிறான், காற்றாய்ப் பறப்பான். சுண்டு விரலை மடக்கும்போது எல்லாம் தெளிவாகிவிட்டது.

"இல்ல," என்றேன். "ஸ்ட்ராண்டை எடுங்க."

பென்னிமன் பிரென்ட்டின் பட்டையைச் செருப்புப் பெட்டிக்குள் போட்டார். பக்கத்திலிருந்தவன் என் தோளைத் தட்டினான். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. கொடுமை என்னவென்றால் அதுதான். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

டிராஃப்ட் முடிந்த கையோடு மிஞ்சிய பையன்களை டீம்கள் போன் போட்டுக் கூப்பிடும், வந்து ஆடிக் காட்டு என்று. எங்கள் டீமின் அந்தப் பட்டியலிலும் அவன் இல்லை. பெட்டிக்குள் விழுந்த பட்டையை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். மற்ற டீம்களும், டாகாச் வேலை செய்கிற இடத்திலேயே அவன் மகனை எடுக்கவில்லையே, ஏதோ இருக்கிறது என்று ஒதுங்கியிருப்பார்கள். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். கேக் வெட்டாமல் அப்படியே இருந்தது. பிரென்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஸ்ட்ராண்ட் நல்ல ஆளாப்பா?" என்றான்.

"நல்லா ஓடுவான்."

"ம். சரிதான்."

எழுந்து போய் அவனே கேக்கை வெட்டினான். முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தான். நானும் வாங்கித் தின்றேன்.

அன்று அறையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பென்னிமன் ஓய்வு பெற்றபோது ஹோட்டலில் பெரிய விருந்து வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். முந்நூறு பேர். பென்னிமன் மைக்கைப் பிடித்து எல்லோரையும் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் கையை நீட்டினார்.

"நேர்மைன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இந்த மனுஷனைத்தான் காட்டுவேன். போன வருஷம் இவன் பையன் பேரை எழுத கார்டைக் கையில வச்சுக்கிட்டு நான் கேட்டேன். நீ சரின்னு சொன்னா எடுத்துடறேன்னேன். அஞ்சு விரலை மடக்கிட்டு, இல்லன்னான்யா! பெத்த பிள்ளைய! எழுந்து நின்னு கைதட்டுங்க இவனுக்கு."

அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். லொரெய்ன் எழுந்திருக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த பிரென்ட், எல்லோரும் நிற்கிறார்களே என்று அவனும் எழுந்து நின்றான். அவனும் தட்டினான். என்னைப் பார்த்துத் தட்டினான். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் கேட்கிறது. முந்நூறு பேர் தட்டிய சத்தத்தில் அவன் ஒருத்தன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது.

அடுத்த மாதம் ஃபோர்ட் வெய்னுக்கு வீடு மாற்றிப் போய்விட்டான். அங்கே கராஜ் கதவு மாட்டுகிற, பழுது பார்க்கிற வேலை. கல்யாணம் பண்ணிக்கொண்டான், விலகிக்கொண்டான், எல்லாம் லொரெய்ன் மூலமாகத்தான் எனக்குச் சேதி. அவள் போய் வருவாள். நான் போன் செய்தால், "நல்லா இருக்கேன்பா, வேலையா இருக்கேன்," என்பான். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இத்தனையும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, மெரிடித் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஓ, ஸ்ட்ராண்டா? ஆகஸ்டுலயே அனுப்பிட்டாங்க. ஒரு ஆட்டம்கூட ஆடல. அதை விடுங்க, அது பூஜ்யம்."

"பூஜ்யம்னா? தப்பா எடுத்தோம்னு அர்த்தமா?"

"இல்லல்ல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அவ்வளவு கடைசியில வர்ற இடத்துல யாரை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதேதான். எல்லா டீமையும் வச்சுப் போட்டுப் பாத்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். உங்க பல் டாக்டரை எடுத்திருந்தாக்கூட என் ஷீட்ல இந்தப் பூஜ்யம்தான் வந்திருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"யாரை எடுத்தாலும்?"

"யாரை எடுத்தாலும்."

"சொந்தப் பையனை எடுத்திருந்தா?"

"தாராளமா எடுத்திருக்கலாமே! டீமுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உங்களுக்குப் பையன் இருக்கானா எமரி?"

"இருக்கான்," என்றேன். "ஃபோர்ட் வெய்ன்ல."

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தாளில் எடுத்துத் தரச் சொன்னேன். முதல் மதிப்பெண் வாங்கிய சந்தோஷத்தில் கேட்கிறேன் என்று நினைத்து, வாழ்த்து வேறு சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டில் லொரெய்ன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேணுமா எமரி? என்னைக் கேட்டிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். என்னை யாரு கேட்டா?"

"இப்ப என்ன பண்ணட்டும், சொல்லு."

"நேர்ல போ. போன்ல பேசினா அவன் வச்சுடுவான். போய் அப்பனாப் பேசு. தயவுசெஞ்சு உன் ஸ்கவுட் மூஞ்சிய வீட்டுல விட்டுட்டுப் போ."

மறுநாள் பாப்ரிகா போட்ட கோழிக் குழம்பும், உதிர்த்த மாவு உருண்டையும் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். சின்ன வயதில் பிரென்ட் இதற்காக உயிரை விடுவான். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மன்னிச்சுடுடா என்பது மட்டும் வாயில் வரவே மாட்டேன் என்றது. தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

அவன் கம்பெனியில் கேட்டு, வேலை நடக்கிற வீட்டுக்கே போய்விட்டேன். கராஜுக்குள் ஏணி போட்டு நின்றிருந்தான். கதவுக்கு மேலே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை இரும்புக் கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தான். முடி கொட்டியிருந்தது. இடுப்பு பெருத்திருந்தது. முப்பத்திரண்டு வயது. என்னைப் பார்த்ததும் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. அம்மா குழம்பு கொடுத்தனுப்பினா."

அவன் வேனின் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து பிளாஸ்டிக் கரண்டியால் சாப்பிட்டான். நான்கு வாய் ஆனதும் நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அவன் மடியில் வைத்தேன். வரிசை எண்ணைக் காட்டினேன். பூஜ்யத்தைக் காட்டினேன். மெரிடித் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். பல் டாக்டர் வரைக்கும் சொன்னேன்.

அவன் சிரித்தான். கோபமாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே சிரித்தான்.

"இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"உன்னை எடுத்திருக்கலாம்டா. டீமுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நான் சொன்ன அந்த இல்லைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமப் போச்சு."

"அப்பா, நான் தேறமாட்டேன்னு எனக்குத் தெரியும். காலேஜ் ரெண்டாம் வருஷமே தெரியும். இடது பக்கம் கால் வராது. ஒன்பது வயசுலயே நீங்கதான் சொல்லிட்டீங்களே."

"தெரிஞ்சுமா என்கிட்ட இத்தனை வருஷம் பேசல?"

கரண்டியை டப்பாவில் வைத்தான். தெருவில் போகிற பள்ளிக்கூட பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னைக்கு எந்த டீம் எடுக்கலன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. முப்பத்தொரு டீம் வேண்டாம்னுச்சு, சரின்னு தூங்கிட்டேன். ஆனா அந்தக் கிழவர் உங்ககிட்ட கொடுத்தாருப்பா. கையில கொடுத்தாரு. என்னை எடுக்க அவருக்கு ஆசை இருந்துச்சு. அந்த அறையில அத்தனை பேர், அதுல என்னை வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன? எனக்காக ஒரே ஒரு பொய்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதான்டா," என்றேன். "நான் பண்ணினது தப்புதான்." பத்து வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். மீன் முள் இறங்கிய மாதிரி இருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தான், சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தத் தாளை மடித்து என் பையிலேயே திரும்பச் செருகினான்.

"இந்தப் பேப்பர் வேண்டாம். பூஜ்யம் வேண்டாம். அந்தப் பொண்ணு சொன்னது எதுவும் வேண்டாம். இன்னைக்கு அந்தக் கிழவர் இங்க வந்து, கார்டைக் கையில வச்சுக்கிட்டு, உன் பையன் வேணுமான்னு கேக்கறாரு. என்னப்பா சொல்வீங்க?"

வேணும் என்பதுதான் பதில். அவன் கேட்டு முடிக்கும் முன்பே அது என் நெஞ்சில் இருந்தது. வேணும்டா, நீ வேணும், கால் வந்தால் என்ன வராவிட்டால் என்ன, நீதான் வேணும். என் அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு யோசனையும் இருக்கவில்லை.

ஆனால் வாய் திறக்கவில்லை. யாரைப் பற்றிக் கேட்டாலும் உடனே திறக்காத வாய். இருபத்துநாலு வருடப் பழக்கம்.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். தொடைமேல் இருந்த என் வலது கையில் கட்டை விரல் மடங்கியிருந்தது. ஆள்காட்டி மடங்கியிருந்தது. நடுவிரல் தானாக மடங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அப்படியே வெட்டிப் போட்டிருக்கலாம்.

"போதும்பா," என்றான்.

"டேய் பிரென்ட், இல்லடா, இது சும்மா..."

"பரவாயில்ல. விடுங்க."

டப்பாவை மூடி ஓரமாக வைத்தான். அம்மா குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லச் சொன்னான். கராஜுக்குள் போய் ஏணி ஏறி, டிரில்லை எடுத்துத் திருகாணியை முடுக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் ஏணிக்குக் கீழே போய் நின்றேன். "வேணும்," என்றேன். டிரில் ஓடிக்கொண்டிருந்தது. "வேணும்டா! வேணும்னுதான் சொல்வேன்!" என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர் வீட்டில் இலை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் டிரில்லை நிறுத்தினான். கீழே என்னைப் பார்த்தான்.

"அங்க நிக்காதீங்கப்பா. ஸ்பிரிங் தெறிச்சா மண்டை போயிடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நின்றேன்.